ஐந்து டாலர் கருணையின் கணக்கு

நீண்ட பதிவு. வணிக வரலாறும் தொழிலுறவுகளும் பயிலும் மாணவர்களை மனத்தில் கொண்டு எழுதுகிறேன், மற்றவர்கள் பொறுத்துக்கொள்க.

தம் தொழிற்சாலையில் உழைப்பவர்களே தம் காரை வாங்கும் வசதி பெற வேண்டுமென்று ஹென்றி ஃபோர்டு எண்ணினார். ஆகவே 1914-இல் அவர்களுடைய நாட்கூலியை இரட்டிப்பாக்கி ஐந்து டாலராக உயர்த்தினார். அங்கிருந்தே அமெரிக்க நடுத்தர வர்க்கம் பிறந்தது. நம் மேலாண்மைத் துறைகளில் இக்கதை ஏறத்தாழ வேதவாக்கு. இந்தப் பருவத்தில் நான் திருத்திய விடைத்தாள்களில் இதைச் சொல்லாத தாள் அரிது. மாணவர்களைக் குறை சொல்லிப் பயனில்லை. விரிவுரைக் குறிப்பில் இருப்பதைத்தான் அவர்கள் எழுதுகிறார்கள். தன்முனைப்புப் பேச்சாளர்களும் தொழில்வலைத்தளத்தில் நாள்தோறும் ஞானம் பகிரும் நிர்வாகிகளும் சொல்வதும் இதுவே. என் கேள்வி ஆசிரியர்களிடம்: வருவாய், செலவு, இலாபம் என்று மூன்று பத்திகளில் கணக்கெழுதக் கற்பிக்கும் நாம், இந்தக் கதையை மட்டும் ஏன் ஒருமுறையும் கணக்குப் போட்டுப் பார்ப்பதில்லை?

போட்டுப் பார்ப்போம். அறிவிப்புக்கு முன் அடிப்படை நாட்கூலி 2.34 டாலர். கூடுதலாக அறிவித்தது 2.66 டாலர். ஆண்டுக்கு முந்நூறு வேலைநாள் என்று கொண்டால் ஒரு தொழிலாளிக்கு ஏறத்தாழ எண்ணூறு டாலர் கூடுதல் செலவு. அவ்வாண்டில் மாடல் டி காரின் பரவலான வகையின் விலை ஐந்நூறு டாலரை ஒட்டியது. அதாவது, ஆண்டுதோறும் எண்ணூறு டாலரைக் கையிலிருந்து கொடுத்து, என்றோ ஒருநாள் ஐந்நூறு டாலர் பண்டமொன்றை அதே ஆளிடம் விற்று, அதிலும் உற்பத்திச் செலவு போக எஞ்சும் சிறு பங்கை மட்டும் இலாபமாகக் காணும் வணிகர் ஃபோர்டு என்று நாம் கற்பிக்கிறோம். மளிகைக் கடைக்காரர் எவரும் இதைக் கேட்டால் நகைப்பார். மேலும், நிறுவனத்தில் அப்போதிருந்த தொழிலாளர் சுமார் பதினான்காயிரம் பேர். அவ்வாண்டில் விற்ற கார்களோ இரண்டு லட்சத்துக்கும் மேல். ஒருவர் தவறாமல் அனைவரும் ஆளுக்கொரு கார் வாங்கினாலும் மொத்த விற்பனையில் நூற்றுக்கு ஏழு தேறாது. ஃபோர்டின் சந்தை அவருடைய வாயிற்கதவுக்கு உள்ளே இல்லை. அயோவா, கான்சாஸ் உழவர்களின் களஞ்சியங்களில் இருந்தது.

அப்படியானால் உயர்வு ஏன் வந்தது? விடை 1913-இல் இருக்கிறது. டெட்ராய்ட்டை அடுத்த ஹைலண்ட் பார்க் ஆலையில் நகரும் அசெம்பிளி லைன் அவ்வாண்டில்தான் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முன் ஓர் அடிச்சட்டத்தைப் பொருத்தி முடிக்கப் பன்னிரண்டரை மணி நேரம் ஆயிற்று. சங்கிலியால் இழுக்கப்பட்டுச் சட்டம் தானே நகரத் தொடங்கியபின், 1914-இன் முற்பகுதிக்குள் அது 93 நிமிடமாகச் சுருங்கியது. பொறியியல் நோக்கில் அருஞ்செயல்தான், மறுக்கவில்லை. ஆனால் அந்த வரிசையில் நின்றவனுக்கு அது என்ன? நேற்றுவரை கம்மியனாக இருந்தவன் இன்று ஒரே ஒரு திருகாணியை நாள் முழுதும் முடுக்கும் கையாக மாறினான். வேகத்தைத் தீர்மானித்தது அவன் அல்லன், சங்கிலி. அவன் செய்யக்கூடிய எதிர்ப்பு ஒன்றுதான்: வேலையை விட்டுப் போய்விடுவது. போனார்கள். 1913-இல் ஃபோர்டு நிறுவனத்தின் தொழிலாளர் வெளியேற்ற விகிதம் 370 விழுக்காடு. பதினான்காயிரம் பேரை நிறுத்திவைக்க ஓராண்டில் ஐம்பதாயிரத்துக்கும் மேற்பட்டோரை வேலைக்கு எடுக்க வேண்டியிருந்தது. அதே ஆண்டு ஜூனில், டெட்ராய்ட்டிலிருந்த ஸ்டூடிபேக்கர் ஆலையில் உலகத் தொழில் உழைப்பாளர் சங்கத்தினர் வேலைநிறுத்தம் நடத்தினர். ஹைலண்ட் பார்க் வாயிலிலும் அவர்கள் கூட்டம் போட்டுப் பேசினர். எந்திரம் ஆயத்தமாயிற்று, அதன்முன் நிற்க ஆள்தான் இல்லை.

1914 ஜனவரி 5 அறிவிப்பு இந்தப் பின்னணியில் வந்தது. பின்னர் வெளியேற்ற விகிதம் அவ்வாண்டில் 54 விழுக்காடாகவும், அடுத்த ஆண்டில் 16 விழுக்காடாகவும் சரிந்தது. ஃபோர்டே 1922-இல் வெளியான தம் தன்வரலாற்றில் இந்த ஊதியத்தைத் தாம் செய்த மிகச் சிறந்த செலவுக் குறைப்பு நடவடிக்கைகளுள் ஒன்றாகக் கணக்கில் வைக்கிறார். கொடுத்தவர் செலவுக் குறைப்பு என்கிறார். நாம் இல்லை ஐயா, அது உங்கள் கருணை என்று அவருக்கே திருத்தம் சொல்கிறோம்.

அறிவிப்பு வெளியான ஒரு வாரத்தில், ஜனவரி 12 அன்று, வேலை தேடி ஆயிரக்கணக்கானோர் ஆலை வாயிலில் திரண்டனர். கடுங்குளிர். கூட்டம் கலையவில்லை. தீயணைப்புக் குழாய்களைத் திருப்பி அவர்கள்மீது தண்ணீர் பீய்ச்சினார்கள். உடுத்திய துணி உடம்பிலேயே உறைந்தது. அதே மாதத்தில் இன்னொன்றும் நடந்தது. கிரேக்க, ரஷ்யத் தொழிலாளர் எண்ணூறு, தொள்ளாயிரம் பேர் தம் மரபுவழித் திருச்சபையின் நாட்காட்டிப்படி கிறிஸ்துமஸ் கொண்டாட வேலைக்கு வராமல் இருந்தனர். அது ஜனவரி 7-இல் வரும். அவர்கள் அனைவரும் வேலைநீக்கம் செய்யப்பட்டனர். அமெரிக்காவில் வேலை செய்வோர் அமெரிக்க விடுமுறையைத்தான் கொண்டாட வேண்டும் என்பது விளக்கம். ஐந்து டாலர் அறிவிப்பின் மை உலர்வதற்குள் நிகழ்ந்த இவ்விரண்டும் எந்த விரிவுரைக் குறிப்பில் இருக்கின்றன?

ஐந்து டாலரும் ‘கூலி’ அன்று என்பதை முதலில் மாணவர்களுக்குச் சொல்ல வேண்டும். கூலி பழைய 2.34 தான். மிச்சம் ‘இலாபப் பங்கு’ என்று பெயரிடப்பட்டது. பெயரிடலில் சூட்சுமம் இருக்கிறது: கூலி உழைத்தவனின் உரிமை, இலாபப் பங்கோ முதலாளி தகுதி பார்த்து அளிப்பது. ஆறு மாதம் பணியாற்றியிருக்க வேண்டும். இருபத்திரண்டு வயதுக்கு உட்பட்டவரானால் தம்மை நம்பிக் குடும்பம் இருப்பதைக் காட்ட வேண்டும். பெண்கள் தொடக்கத்தில் கணக்கிலேயே இல்லை. அவர்களுக்கு 1916 வரை காத்திருப்பு. இவற்றுக்கெல்லாம் மேல் ஒழுக்கத் தேர்வு. அதற்கென்றே சமூகவியல் துறை என்ற ஒன்றை நிறுவினார்கள். (நம் துறையின் பெயரைச் சுமந்த முதல் பெரும் தொழிற்சாலைப் பிரிவு அதுவாகத்தான் இருக்கும், பெருமைப்படுவதற்கு ஒன்றுமில்லை.) அதன் விசாரணையாளர்கள் தொழிலாளியின் வீட்டுக்குச் சென்றார்கள். வீடு துப்புரவாக இருக்கிறதா, வங்கிப் புத்தகத்தில் சேமிப்பு இருக்கிறதா, மணச் சான்று உண்டா, குடிப்பழக்கம் உண்டா, வாடகைக்காகக் கூடுதல் ஆட்களைத் தங்க வைத்திருக்கிறார்களா என்று கேட்டுக் குறித்தார்கள். அயலாரிடமும் விசாரித்தார்கள். தேறாதவருக்கு இலாபப் பங்கு நிறுத்தப்பட்டது. குறித்த காலத்துக்குள் திருந்தாவிட்டால் வேலையும் போயிற்று.

புலம்பெயர்ந்தவர்களுக்கு ஆலையே ஆங்கிலப் பள்ளியும் நடத்தியது. அதன் பட்டமளிப்பு விழாவில் மேடையின்மீது பெரிய கொப்பரை ஒன்றை வைத்தார்கள். தம் நாட்டுடையில் மூட்டை முடிச்சோடு கப்பலிலிருந்து இறங்குவோர் போல் வந்த மாணவர்கள் ஒரு பக்கம் கொப்பரைக்குள் இறங்கி, மறுபக்கம் அமெரிக்க உடையில் சிறு கொடியை அசைத்தபடி வெளியேறினர். இதை நான் கற்பனை செய்யவில்லை, நிழற்படம் இருக்கிறது. முசோலினியின் சிறையிலிருந்து 1934-இல் கிராம்ஷி எழுதிய அமெரிக்கவாதம் பற்றிய குறிப்புகள் இந்த வீட்டு விசாரணைகளைத்தான் கூர்ந்து நோக்கின. இவற்றை வெறும் போலி ஒழுக்கமென்று ஒதுக்காமல், புதிய உற்பத்தி முறைக்குப் பொருந்தும் புதிய மனிதனைச் செய்யும் முயற்சியாக அவர் கண்டார். உயர் கூலி நிலையாக இராது என்பதையும் கணித்திருந்தார். நம் சமூகவியல் துறைகள் கிராம்ஷியைப் படிக்கின்றன. மேலாண்மைத் துறைகள் ஃபோர்டைப் படிக்கின்றன. இருவரும் ஒரே வளாகத்தில் இரண்டு கட்டடங்களில் இருக்கிறார்கள்.

பொருளியல் நண்பர்கள் இங்கே குறுக்கிடுவார்கள் என்பது தெரியும். ராஃபும் சம்மர்ஸும் 1987-இல் எழுதிய கட்டுரை, ஃபோர்டின் ஊதியம் திறனைத் தூண்டும் ஊதியக் கோட்பாட்டுக்குப் பொருந்துகிறதா என்று ஆராய்ந்து, உற்பத்தித்திறனும் இலாபமும் உயர்ந்ததைக் காட்டியது. ஏற்கிறேன். அந்தக் கட்டுரை என் பக்கம்தான் நிற்கிறது. சந்தை விகிதத்துக்கு மேல் கூலி கொடுத்தால் ஆள் நிலைக்கிறான், வேகத்தைத் தாங்குகிறான், வேலை போய்விடுமே என்று அஞ்சுகிறான் என்பதே அந்தக் கோட்பாடு. அதில் எந்த இடத்திலும் கார் வாங்கும் தொழிலாளி வரவில்லை. அதை எழுதியவர்கள் மார்க்சியர்களும் அல்லர். ஃபோர்டுக்கு நியாயமாகச் சொல்ல வேண்டியதும் உண்டு: மற்ற ஆலைகள் வாயிலிலேயே மறித்த கறுப்பினத் தொழிலாளர்களை அவர் பெருமளவில் வேலைக்கு எடுத்தார். ஆனால் ரிவர் ரூஜ் ஆலையில் அவர்களுள் மிகப் பலருக்குக் கிடைத்த இடம் கொதிக்கும் வார்ப்படச் சாலை என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

பிறகு அந்த ஐந்து டாலர் என்ன ஆயிற்று? போர்க்காலத்தில் விலைவாசி ஏறி, 1920-இல் 1914-ஐப்போல் இரு மடங்கானது. ஃபோர்டின் கூலி 1919-இல் ஆறு டாலராயிற்று. அதாவது வாங்கும் ஆற்றலில் பெரும்பகுதி ஆறே ஆண்டில் கரைந்துபோனது. 1920-களில் வரிசையின் வேகம் கூடிக்கொண்டே போயிற்று. சமூகவியல் துறையின் இடத்தை ஹாரி பென்னட் என்பவரின் ‘சேவைத் துறை’ பிடித்துக்கொண்டது. குத்துச்சண்டைக்காரர்களும் முன்னாள் குற்றவாளிகளும் அடங்கிய அடியாள் படையின் பெயர் அது. பெருமந்தத்தின் நடுவே, 1932 மார்ச் 7 அன்று, வேலையிழந்தோர் வேலையும் நிவாரணமும் கேட்டு டியர்பார்னிலுள்ள ரூஜ் ஆலைக்கு ஊர்வலமாகச் சென்றனர். காவலரும் நிறுவனக் காவல்படையும் சுட்டதில் நால்வர் மாண்டனர். ஐந்தாமவர் பின்னர் உயிரிழந்தார். தம் கார்களை வாங்கும் வசதி தொழிலாளிக்கு வேண்டுமென்று கவலைப்பட்டவராக நாம் கற்பிக்கும் மனிதரின் ஆலை வாயிலில் நடந்தது இது.

அமெரிக்கக் கார்த் தொழிலாளி கண்ணியமான கூலி பெற்ற இடம் ஹைலண்ட் பார்க் அன்று. அது ஃபிளின்ட். மிச்சிகனின் அந்த நகரம் ஜெனரல் மோட்டார்ஸின் கோட்டை. வில்லியம் டூரண்ட் 1908-இல் தோற்றுவித்த அந்நிறுவனத்தை ஆல்ஃபிரட் ஸ்லோன் உலகின் மிகப்பெரிய தொழில் நிறுவனமாக வளர்த்தார். ஸ்லோனின் பரவலாக்கப்பட்ட நிர்வாகம், வருவாய்க்கேற்ற கார் வரிசை, ஆண்டுக்கொரு வடிவமாற்றம், தவணைக் கடன் எல்லாம் நம் பாடத்திட்டத்தில் உண்டு. 1934 தொடக்கம் முதல் 1936 நடுவரை துப்பறியும் முகமைகளுக்கு அந்நிறுவனம் ஏறத்தாழ பத்து லட்சம் டாலர் செலவிட்டதை அமெரிக்க செனட்டின் லாஃபாலெட் குழு வெளிக்கொணர்ந்தது. அதன் பெரும்பகுதி தொழிலாளரிடையே ஒற்றர்களை வைத்து, சங்கம் சேர்வோரைக் கண்டுபிடிப்பதற்கு. நிர்வாகச் செலவுகள் பற்றிய அத்தியாயத்தில் இதற்கு இடம் கிடைக்கவில்லை.

1936 டிசம்பர் 30 அன்று ஃபிளின்ட்டின் ஃபிஷர் பாடி ஆலைகளில் தொழிலாளர் எந்திரங்களை நிறுத்திவிட்டு வெளியே போகாமல் உள்ளேயே அமர்ந்தனர். வாயிலில் மறியல் செய்தால் தடியடி. வேறு ஆளை வைத்து ஆலையை ஓட்டுவார்கள். உள்ளே அமர்ந்தால் அச்சுக்கட்டைகளும் எந்திரங்களும் அவர்கள் கையில். அவர்களுடைய முதல் குறை கூலியைப் பற்றியதுகூட அன்று, வேகத்தைப் பற்றியது. வீட்டுக்குப் போனால் கை நடுங்கிக் கரண்டி பிடிக்க முடியாத வேகம். ஜனவரி 11 அன்று நிறுவனம் வெப்பமூட்டியை அணைத்து, உணவு செல்வதைத் தடுத்தது. காவலர் கண்ணீர்ப் புகை வீசிச் சுட்டனர். உள்ளிருந்தவர்கள் இரும்புக் கீல்களை எறிந்தும் தீயணைப்புக் குழாயால் தண்ணீர் பீய்ச்சியும் அவர்களைத் துரத்தினர். 1914-இல் வேலை கேட்டவர்களை நோக்கித் திரும்பிய குழாய், இம்முறை எதிர்த்திசையில் நின்றது. தொழிலாளரின் மனைவியரும் சகோதரியரும் அவசரப் படையொன்று அமைத்துச் சிவப்புத் தொப்பி அணிந்து முன்னணியில் நின்றதைப் பெண்ணிய வரலாறு பயில்வோர் தனியே படிக்க வேண்டும். ஆளுநர் ஃபிராங்க் மர்ஃபி தேசியக் காவல்படையை வரவழைத்தார். ஆயினும் ஆலையைக் காலிசெய்ய அதை ஏவ மறுத்தார். நாற்பத்து நான்கு நாள் கழித்து, 1937 பிப்ரவரி 11 அன்று, ஜெனரல் மோட்டார்ஸ் ஐக்கியக் கார்த் தொழிலாளர் சங்கத்தை ஏற்றுக் கையெழுத்திட்டது.

கிரைஸ்லர் அவ்வாண்டே பணிந்தது. கடைசிவரை மறுத்தது யார்? ஃபோர்டு. 1937 மே 26 அன்று ரூஜ் ஆலையின் மேம்பாலத்தில் துண்டறிக்கை கொடுக்க வந்த வால்டர் ரூதரையும் தோழர்களையும் பென்னட்டின் ஆட்கள் செய்தியாளர் முன்னிலையிலேயே அடித்துப் படிகளில் உருட்டினர். அடுத்த ஆண்டு ஜூலையில் நாஜி ஜெர்மனி அளித்த உயரிய பதக்கத்தை ஃபோர்டு ஏற்றுக்கொண்டார். இதுவும் விரிவுரைக் குறிப்பில் இராது. 1941 வேலைநிறுத்தத்துக்குப் பின்னரே, ஜூனில், அவர் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டார். அதன் ஒரு பிரிவு, போட்டி நிறுவனங்களின் உயர்ந்தபட்சக் கூலிக்கு இணையாகத் தர உறுதியளித்தது. ஐந்து டாலர் வள்ளலிடம் இதைச் சங்கம் எழுதி வாங்க வேண்டியிருந்தது.

போருக்குப் பின் 1950-இல் ஜெனரல் மோட்டார்ஸுடன் ஏற்பட்ட ஐந்தாண்டு ஒப்பந்தம் ஓய்வூதியம், மருத்துவக் காப்பீடு, விலைவாசிக்கேற்ற கூலி உயர்வு ஆகியவற்றைத் தந்தது. நடுத்தர வர்க்கத்தின் பிறப்புச் சான்றிதழ் எதுவென்று கேட்டால் நான் அதைத்தான் காட்டுவேன். அந்தச் சான்றிதழும் எவ்வளவு மெல்லிய காகிதம் என்பதை ஸ்டூடிபேக்கர் காட்டிற்று. குதிரை வண்டி செய்யத் தொடங்கி நூறாண்டு கடந்த நிறுவனம் அது. 1963 டிசம்பரில் இந்தியானா மாநிலம் சவுத் பெண்ட்டிலிருந்த ஆலையை மூடியது. ஓய்வூதிய நிதியில் போதிய பணம் இல்லை. ஏற்கெனவே ஓய்வு பெற்றவர்களுக்கும், அறுபது வயதைத் தொட்டு ஓய்வுக்குத் தகுதி பெற்றிருந்தவர்களுக்கும் முழுத் தொகை கிடைத்தது. நாற்பது முதல் ஐம்பத்தொன்பது வயதுவரை, பத்தாண்டுக்குக் குறையாமல் உழைத்த ஏறத்தாழ நான்காயிரம் பேருக்கு உரிய மதிப்பில் சுமார் பதினைந்து விழுக்காடு. மற்றவர்களுக்கு எதுவும் இல்லை. அந்த நான்காயிரம் பேரின் இழப்பு பதினோராண்டு விவாதமாகி, 1974-இல் ஓய்வூதியப் பாதுகாப்புச் சட்டமாயிற்று. நிறுவனர்களின் வாழ்க்கை வரலாறாக மட்டும் இத்தொழிலின் வரலாற்றைக் கற்பித்தால் சவுத் பெண்ட்டுக்கு அதில் இடமே இல்லை.

தொலைதூர நாட்டின் பழங்கதைக்கு இவ்வளவு சினம் எதற்கு என்று கேட்கலாம். நம் நாடாளுமன்றம் 2020-இல் நிறைவேற்றிய தொழிலுறவுத் தொகுப்புச் சட்டத்தைப் படித்துப் பாருங்கள். வேலைநிறுத்தத்துக்குப் பதினான்கு நாள் முன்னறிவிப்பு என்பது முன்பு பொதுப் பயன்பாட்டுச் சேவைகளுக்கு மட்டும் இருந்தது. இப்போது எல்லாத் தொழிலகங்களுக்கும். ஆலையை மூட அரசின் அனுமதி பெற வேண்டிய வரம்பு நூறு தொழிலாளரிலிருந்து முந்நூறாக உயர்ந்துவிட்டது. இச்சட்டம் குறித்த கருத்தரங்கு ஒன்றில், சங்கங்கள் இல்லாமலேயே நல்ல முதலாளி கூலியை உயர்த்துவார் என்பதற்குச் சான்றாகத் துணிந்து காட்டப்பட்டது எது தெரியுமா? ஐந்து டாலர். மறுத்துப் பேச எழுந்தவர் எவருமில்லை. அனைவரும் அதே குறிப்பைப் படித்துத் தேறியவர்கள். அதே ஃபோர்டு நிறுவனம் 2021 செப்டம்பரில் இந்திய உற்பத்தியை நிறுத்துவதாக அறிவித்தபோது, மறைமலை நகரிலும் சானந்திலும் வேலை போகவிருந்தவர்கள் ஏறத்தாழ நான்காயிரம் பேர். மறைமலை நகர்த் தொழிலாளர் இழப்பீட்டுக்காக மாதக்கணக்கில் போராட வேண்டியிருந்தது. மேலாண்மை வகுப்பில் இதையும் ஒரு நேர்வு ஆய்வாக வைக்கலாம். ஆலை பல வகுப்பறைகளிலிருந்து ஒருநாள் சுற்றுலாத் தொலைவில்தான் இருக்கிறது.

பின்னூட்டத்தில் ஒருவர் நிச்சயம் எழுதுவார்: எட்டு மணி நேர வேலையையாவது ஃபோர்டு தானாகக் கொடுத்தார் அல்லவா? எட்டு மணி நேரக் கோரிக்கைக்காக 1886-இல் அமெரிக்கா முழுதும் வேலைநிறுத்தம் நடந்து, அதன் தொடர்ச்சியாகச் சிகாகோவில் நால்வர் தூக்கிலிடப்பட்டு, 1914-இல் இருபத்தாறு ஆண்டு ஆகியிருந்தது. ஹைலண்ட் பார்க்கில் அதுவரை ஒன்பது மணி நேர முறைகள் இரண்டு. ஆகப் பதினெட்டு மணி நேரம். எட்டு மணியாக்கியபின் முறைகள் மூன்று. இருபத்துநான்கு மணி நேரமும் சங்கிலி ஓடியது. இதற்கு மாற்றுக் கணக்கு வைத்திருப்பவர்கள் எழுதுக, விடையளிக்கிறேன்.